சுவருக்குள்ள திணிச்ச கட்டிங் வேஸ்ட்

எங்கூட்டுக்காரருக்கு நெஞ்சு கெட்டதே பனியன் தூசியாலதான். பனியன் கம்பெனிகள்ல வெட்டுனது போக மிஞ்சற துண்டுத் துணி, அந்தக் கட்டிங் வேஸ்ட்டை வாங்கி, கலர் பிரிச்சு விக்கற குடோன் வெச்சிருந்தாரு. வருசக்கணக்கா அந்தப் பஞ்சுத் தூசிதான் அவருக்குக் காத்து. கடைசியில டாக்டர் கறாராச் சொல்லிட்டாரு, தூசியை விட்டுப் போகோணும், குளிரும் ஈரமும் நெஞ்சுல ஏறவே கூடாதுன்னு.

திருப்பூருக்குள்ள தூசியில்லாத எடத்துக்கு எங்க போறது? குடோனைக் கைமாத்திட்டு, கோத்தகிரிப் பக்கம் மண்ணுச் சுவரு வெச்ச பழைய ஊடு ஒண்ணு வாங்குனோம். நல்ல தடிச் சுவருதான், ஆனா மலைக் குளிருக்கு அது பத்தாது. இவரு நாலு பேர்கிட்ட விசாரிச்சு வெச்சிருந்தாரு. களிமண்ணுல உமியும் வைக்கோலும் கலந்து வெளிப்பக்கம் தடியா அப்பி, மேல சுண்ணாம்பு பூசோணுமாம். மண்ணுச் சுவரு வாங்குன ஈரத்தைத் தானே வெளிய விட்டுருமாம், அடைச்சாத்தான் கெடுமாம். அதைச் சொல்றப்ப அந்த மனுசன் மூஞ்சியில சிரிப்பைப் பாத்தேன். அந்தச் சிரிப்பைப் பாத்து ரொம்ப நாளாயிருந்துச்சு.

அப்பத்தான் எங்கண்ணன் வந்து சேந்தாரு. பல்லடம் ரோட்டுல கம்பெனி ஷெட்டா கட்டித் தள்றவரு. தங்கச்சி ஊட்டுக்கு எம்பட சீருன்னு, லாரி நெறைய சிமெண்டும் கட்டிங் வேஸ்ட்டுமா ஏத்திட்டு வந்துட்டாரு. எந்தச் சனியனை விட்டு மலையேறுனமோ, அதையே கொண்டாந்து வாசல்ல எறக்குனாரு. கூத்தைப் பாருங்க.

மண்ணுச் சுவத்தை ஒட்டி உள்ள ஒரு செங்கல் சுவரு எழுப்பி, நடுவுல வேஸ்ட்டைத் திணிச்சு, ரெண்டு பக்கமும் சிமெண்ட் பூசுனா குளிரு எட்டிக்கூடப் பாக்காதாம். வேண்டாங்கண்ணா, இவரு வேற மாதிரி நெனச்சிருக்காருன்னு சொல்லிப் பாத்தேன். எத்தனை கட்டடம் பாத்தவன் நான்னு என்னை அடக்கிட்டு, இவர்கிட்டத் திரும்பி, செய்யலாமுங்களா மாப்ளன்னாரு.

"உங்க இஷ்டமுங்க மச்சான்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மச்சான் கொண்டாந்த சீரை வேண்டாம்னா எங்க சனத்துல சாகறவரைக்கும் பேச்சு. அது எனக்கும் தெரியும். ஆனா மூச்சு யாரோடது?

அண்ணன் சொன்னபடியே சுவரு எழுப்பி முடிக்கவும் ஐப்பசி மழை புடிச்சுது. ஊடு பூராவும் காயாத துணி வீச்சம். மண்ணுச் சுவத்துக்குள்ள எறங்குன ஈரத்தைச் சிமெண்ட் வெளிய விடல, அத்தனையையும் வேஸ்ட்டு குடிச்சு வெச்சுக்கிச்சு. உள்சுவத்துல கருப்புக் கருப்பா பூஞ்சை. பொழுதன்னைக்கும் இவருக்கு இழுப்பு. குளிரை நிறுத்தறேன்னு செஞ்ச வேலை, ஈரத்தைக் கட்டிலுக்குப் பக்கத்துலயே குடி வெச்சிருச்சு.

மறுபடியும் திருப்பூருக்கே கூட்டிட்டு வந்தோம், ஆக்சிஜன் மெசினோட. கெளம்பறதுக்கு முன்னாடி கடப்பாறையில ஒரு பக்கம் பேத்து, அழுகுன துணியில ஒரு கை அள்ளிக் கவர்ல போட்டுக் கட்டிக்கிட்டேன்.

அண்ணன் ஆப்பிளும் மாதுளையுமா பாக்க வந்தாரு. கட்டுன கவரை அப்படியே அவர் மடியில வெச்சேன். வெளிச்சத்துல தூக்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"சரக்கு நல்ல சரக்குதான் அம்மிணி. சுவரு மண்ணு, அதான் இப்படி."

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள இவரு மூக்குக் குழாயை ஒதுக்கிட்டு எந்திரிச்சு உக்காந்தாரு.

"ஆமாங்க மச்சான். அந்த ஊட்டை வாங்குனது எம்பட தப்புங்க."

ஒரு வாய் கஞ்சி குடிக்க மூச்சுப் பத்தாத மனுசன், அதைச் சொல்றதுக்கு மட்டும் மூச்சை எங்கயோ புடிச்சு வெச்சிருந்தாரு.