டேப்பின் நுனி

அந்தக் கோல்கீப்பரை அணியில் ‘பூட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய கிளப் தேர்வுக்கு அழைத்த நாளிலிருந்து பூட்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிளப் மேனேஜர் சுற்றி வளைக்காமல் போனிலேயே சொல்லிவிட்டார்.

“ஆட்டத்துல குறையே இல்ல. ஆனா அந்த மசாஜ்காரனோட குடித்தனம் பண்றதெல்லாம் இங்க எடுபடாது. அவனை விட்டுட்டு வா.”

அணியின் மசாஜ்காரன்தான் இத்தனை வருஷமும் பூட்டின் சுளுக்கிய விரல்களுக்கு டேப் சுற்றியவன். சுற்றி முடித்ததும் நுனியைச் சின்னதாக மடித்து விடுவான், பிறகு பிரிக்க லேசாக இருக்கட்டும் என்று.

தேர்வன்று வேறு யாரோ சுற்றினார்கள். பூட்டு ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. மேனேஜரின் அறையில் ஒப்பந்தத்தை முன்னால் வைத்தபோதோ, டேப்பின் நுனியை நகத்தால் துழாவிக்கொண்டே இருந்தான். அகப்படவே இல்லை. எரிச்சல் மண்டைக்கு ஏறியது. பேனாவை நீட்டினார்கள். “தண்ணி குடிச்சிட்டு வரேன் சார்” என்று எழுந்தவன் நேரே பஸ் ஏறிவிட்டான்.

வீட்டில் மசாஜ்காரன் தன் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே கேட்டான்.

“கையெழுத்துப் போட்டாச்சா?”

“எங்க போடுறது? கையில இந்தக் கட்டோட பேனாவே பிடிக்க முடியல.”

மசாஜ்காரன் கத்தரியோடு வந்து அவன் கையைப் பிடித்தான். பிடித்தவன் அப்படியே நின்றான். கட்டு இடது கையில் இருந்தது.

“நீ வலது கையாலதானடா எழுதுவ?”

“தெரியும். வெட்டு.”