நிறுத்திவைத்த கார் நாலாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது

போன வைகாசியில், கத்தாரில் மூன்று வருடம் லீவே எடுக்காமல் வேலை பார்த்துவிட்டு, திருச்சுழி பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கே மொத்தமாகத் திரும்பிவிட்டேன். வந்த நாலாம் நாள் நடந்தது இது.

போகும்போது என் காரைப் படுதா போட்டு மூடி, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிறுத்தியிருந்தேன். வீட்டில் அம்மாவும் என் மனைவியும்தான். இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. இன்சூரன்ஸ் முடிகிறதே என்று மனைவி ஒருமுறை போனில் கேட்டபோது, "நிக்கிற வண்டிக்கு எதுக்கு? நான் வந்து பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அதைப் புதுப்பிக்க அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு ஏஜென்ட்டை வரச் சொன்னேன். அவர் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. பாலிசி விட்டுப்போய் ரொம்ப நாளானதால் வண்டியை நேரில் பார்த்துப் போட்டோ எடுத்தால்தான் புது பாலிசி கிடைக்குமாம். கிளெய்ம் வாங்காமல் சேர்ந்த போனஸும் போய்விட்டதாம். ஓடாத வண்டிக்கு ஏன் இத்தனை என்று குழம்பிக்கொண்டே சாவியைப் போட்டேன். பேட்டரி செத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். முதல் திருகிலேயே இன்ஜின் ஓடத் தொடங்கியது.

ஏஜென்ட் குனிந்து டயரைத் தடவினார். "நின்ன வண்டின்னு சொன்னீங்கண்ணே. ஓடித் தேஞ்சிருக்கே?"

டேஷ்போர்டில் பழைய சர்வீஸ் பில் இருந்தது. அதில் இருந்ததைவிட மீட்டர் நாலாயிரம் கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டியது.

"யாரு ஓட்டுனா? எங்கயும் இடிச்சிருக்கா? உள்ளதச் சொல்லிருங்கண்ணே" என்றார் அவர்.

எனக்குப் பந்தல்குடியில் லோடு வண்டி ஓட்டும் மச்சினன் மேல்தான் சந்தேகம் போனது. அங்கேயே போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். "நான் தொடவே இல்ல மச்சான். அக்காட்ட கேளுங்க" என்று வைத்துவிட்டான்.

சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள். "அவனைத் திட்டாதீக. நாந்தான் ஓட்டுனேன்."

நான் நம்பவில்லை. பின்னாலேயே வந்த அம்மாதான் சொன்னார். "மாருல கட்டி வந்துச்சுய்யா. மதுரைக்குப் போயி மருந்து ஏத்தணும், கரண்டு வைக்கணும்னாக. பஸ்ஸுல போனா வாந்தி நிக்கல. இவதான் டவுனுல வண்டி பழகி, லைசென்ஸு எடுத்து, கூட்டிட்டுப் போயிக் கூட்டியாந்தா. ஒனக்குச் சொன்னா வேலைய விட்டு ஓடியாந்துருவ. நாந்தான் சொல்லக் கூடாதுன்னேன். இப்ப நல்லாருக்கேன்."

வீடியோவில் அம்மா எப்போதும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டே பேசுவார். வந்தபிறகு குட்டை முடியைப் பார்த்துக் கேட்டபோது, கோயிலுக்கு முடி இறக்கினேன் என்றார். அதையும் நம்பியிருந்தேன்.

"இன்சூரன்ஸ் இல்லாமலா ஓட்டுன?" என்று மனைவியிடம் கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"நீங்கதான் வேண்டாம்னீக. நானே கட்டலாம்னா, ஓடிபி உங்க நம்பருக்கு வரும். ஏன், எதுக்குன்னு துருவுவீக. எதுக்க லாரி வந்தாலே கையி வேர்த்துக் கொட்டும். யாரு மேலயும் பட்டுறக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் போவேன்."

உண்மையில் யார் மேலாவது பட்டிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்லியிருப்போம்?

ஏஜென்ட் மீட்டரில் இருந்ததை இருந்தபடியே எழுதிக்கொண்டு போனார். இரண்டு நாளில் பாலிசி வந்தது. மறுநாள் பந்தல்குடிக்குப் போய் மச்சினனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மச்சான்" என்று டீ வாங்கிக் கொடுத்தான். எல்லாம் தெரிந்தும் அவனும் மறைத்திருக்கிறான்.

என்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்களே என்று சில நாள் கோபம் வருகிறது. அது அவர்கள் மேல் வருகிறதா, என்னிடம் சொல்லவே அவர்கள் பயப்படும்படி இருந்துவிட்ட என் மேலேயே வருகிறதா என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.