ஜரிகைக் கரை போட்ட தூசிப் பை

1. இருமலுக்கு மெக்கானிக்

திருச்சியில் சீமைச் சாமான் விற்கும் ஒரு கம்பெனியில் நான் மெக்கானிக்காக இருந்தேன். ஃபேன், ரேடியோ, ஐஸ் பெட்டி என்று எது மக்கர் செய்தாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். யுத்த காலத்தில் ஒருநாள் அரிமளத்து வியாபாரக் குடும்பம் ஒன்றின் காரியஸ்தரிடமிருந்து புகார் வந்தது. தூசி இழுக்கும் வேக்குவம் கிளீனர் வாங்கியும் மருமகளுக்கு ஈளை இருமல் நிற்கவில்லையாம், உடனே ஆள் அனுப்ப வேண்டுமாம். என் சர்வீஸில் இருமலை ரிப்பேர் பார்க்கக் கூப்பிட்ட வீடு அது ஒன்றுதான்.

கிளம்புமுன் மேனேஜர் கூப்பிட்டுத் தொழில் தர்மம் போதித்தார். "மெஷினைக் குத்தம் சொல்லாத. வீட்டுக்காரங்களையும் சொல்லாத. கரண்ட் சரியில்லைன்னு சொல்லிட்டு வந்துரு." இப்பேர்ப்பட்ட மகானிடம் கைகட்டி நின்றுதான் நான் தொழில் கற்றேன்.

பெட்ரோல் பஞ்சத்தால் அடுப்புக்கரி எரித்து ஓட்டிய கரிவாயு பஸ்ஸில் போய் இறங்கியபோது என் முகமே அடுப்படி மாதிரி இருந்தது. தூசி மெஷின் பார்க்க வந்த ஆள் என்று சொன்னதும் வாசலில் நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வீட்டுக்குள் விடவே கொஞ்ச நேரம் யோசித்தார்.

2. சாம்பல் அபிஷேகம்

ஊருக்குக் கரண்ட் வராத காலம். அந்த வீட்டில் மட்டும் சொந்த இன்ஜின் வைத்து விளக்கு எரித்தார்கள். ஆட்சியெல்லாம் பெரிய ஆச்சியுடையது. அவருடைய மகன் பினாங்கில். மனைவி வள்ளியம்மைக்குத் தூசி ஆகாது என்பதால், கப்பல் ஏறுமுன் எங்கள் கம்பெனியில் இந்த மெஷினை வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். அப்புறம் யுத்தம் வந்து கடிதப் போக்குவரத்தும் நின்றுவிட்டது.

ஆச்சி சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். "வெள்ளைக்காரன் மெஷின் வந்தும் நிக்கலைன்னா சீக்கு அவ ஒடம்புலதான் இருக்கு, தம்பி. அவுக ஆத்தா வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிறட்டும்."

பேச்சோடு நிற்கவில்லை. வாசலில் மாட்டு வண்டி பூட்டி நின்றது, பெட்டியும் ஏற்றியாகிவிட்டது. புருஷன் அக்கரையில் இருக்கிறான், இருக்கிறானா என்றே தெரியாது. இந்த நிலையில் சீக்காளி என்று பட்டம் கட்டி அனுப்பினால், திரும்ப அழைத்துவர ஒரு ஆள் இருக்காது. வள்ளியம்மைக்கு அது தெரியும். தூணோரம் நின்று இருமலை அடக்கிக்கொண்டிருந்தார்.

மெஷினை ஓட்டிக் காட்டச் சொன்னேன். வேலைக்காரர் ஒரு முறம் நிறைய அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து ஜமக்காளத்தில் கொட்டினார். கேட்டால், விற்க வந்த எங்கள் சேல்ஸ்மேன் அப்படித்தான் சாம்பலைக் கொட்டி இழுத்துக் காட்டினாராம், அதுதான் முறை என்று எடுத்துக்கொண்டார்களாம். உறவுக்காரர் யார் வந்தாலும் இந்த வைபவம் உண்டு. சுத்தமாக இருந்த வீட்டைச் சுத்தம் செய்வதற்காகவே அழுக்காக்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது பை. மெஷினோடு கம்பெனி கொடுத்தது உள்ளே பஞ்சு வைத்த தடித்த கறுப்புத் துணிப் பை. நல்லது நடக்கிற வீட்டில் கறுப்புப் பை தொங்கலாமா? ஆச்சி அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, மெல்லிய மல் துணியில் ஜரிகைக் கரை வைத்துப் புதுப்பை தைத்திருந்தார். ஜரிகை தரையில் உரசக்கூடாதே, அதற்காக மருமகள் பையின் வாலை ஏந்திக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். மகாராணிக்குக்கூட இந்த மரியாதை கிடைத்திருக்காது.

3. பின்பக்கம்

மெஷின் ஓடியது. "பை மாத்துன பெறகு எப்படி இழுக்குது பாத்தீகளா?" என்று ஆச்சி பெருமைப்பட்டார். உண்மைதான். துணி மெல்லிசாக இருந்தால் காற்று தாராளமாக வெளியேறும், மோட்டார் திணறாது, இழுவை கூடும். கூடவே பொடித்தூசியும் தாராளமாக வெளியேறும். முற்றத்து வெயில் சாய்வாக விழுந்த இடத்தில் பார்த்தேன். ஜமக்காளத்தில் போட்ட சாம்பல் பை வழியாகப் புகைந்து நேரே வள்ளியம்மை முகத்தில் அடித்தது. அவருக்கு இழுப்பு வந்து தூணைப் பிடித்துக்கொண்டார்.

ஆச்சி உள்ளே போன சமயம் வள்ளியம்மையே மெல்லச் சொன்னார். "பையிலேருந்துதான் வருதுண்ணே. நான் சொன்னா வேலைக்குச் சாக்குச் சொல்றேங்கிறாக."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சேல்ஸ்மேன், மேனேஜர், ஜரிகை எல்லாவற்றையும் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். நேரடியாகச் சொன்னால் ஆச்சி என்னையும் அதே வண்டியில் ஏற்றிவிடுவார். ஆகவே முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டு, பையின் காற்றை அளவு பார்க்கணும், வீட்டுக்குப் பெரியவர்தான் பிடிக்கணும் என்றேன். ஆச்சிக்குப் பரம சந்தோஷம். இன்னொரு முறம் சாம்பல் கொட்டச் சொல்லி, பையை மார்போடு ஏந்தி நின்றார்.

கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை. கண்ணில் நீர், மூக்கில் சாம்பல், தொடர்ந்து இருமல். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேலைக்காரர்கள் கிட்ட வரப் பயந்து நின்றார்கள். வள்ளியம்மைதான் ஓடிவந்து தண்ணீர் கொடுத்து நெஞ்சைத் தடவிவிட்டார்.

மூச்சு வந்ததும் ஆச்சி பையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "இதையா ஆத்தா இத்தன நாளும் முழுங்குன?" என்றார். பிறகு காரியஸ்தர் பக்கம் திரும்பாமலே, "வண்டிய அவுக்கச் சொல்லுங்க" என்றார்.

பரணிலிருந்து பழைய கறுப்புப் பையை எடுத்து மாட்டினேன். சாம்பலுக்குத் தடை போட்டேன். பையைக் கொல்லைக்கு அப்பால் கொண்டுபோய் உதறச் சொன்னேன். ஈளை அடியோடு போய்விடவில்லை, ஆனால் வள்ளியம்மை ராத்திரி படுத்துத் தூங்குகிறார் என்று காரியஸ்தர் பிற்பாடு எழுதினார். இப்போது இழுவை குறைந்துவிட்டது என்று ஒரு புகாரையும் சேர்த்தே எழுதியிருந்தார்.

இன்று மெஷின் விற்கப் போகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். முன்பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று எல்லாரும் காட்டுவார்கள். நீங்கள் பின்பக்கம் போய் நின்று ஒருதரம் மூச்சு விட்டுப் பாருங்கள். அங்கே ஏற்கெனவே யாரோ ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள்.