ஆடாத கத்தி

ஈப்போவில் ஓர் இரும்புச் சாமான் கடை. மலிவான மடக்குக் கத்திகள் இரண்டை ஒவ்வொன்றாக விரித்துக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். ஒன்றில் அலகு கடகடத்தது. மற்றது ஆடவில்லை. ஜொகூருக்கு வேலைக்குப் போகும் மகன் கேட்டிருந்தான்.

காதருகே ஆட்டிப் பார்ப்பது அப்பாவின் பழக்கம். செமோர் பக்கம் தோட்டத்தில் இருந்தபோது, ரப்பர் பால் காய்ந்த நாற்றம் வீசும் அவர் கால்சட்டைப் பையில் அப்படித் தேர்ந்தெடுத்த கத்தி ஒன்று எப்போதும் கிடக்கும். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அப்பா வேலை தேடிச் சிங்கப்பூருக்குப் புறப்பட்டார். அவர் ஏறிய லோரி கிளம்பும்போதுதான் கத்தி வீட்டு ஜன்னலிலேயே இருப்பதைப் பார்த்தேன். எனக்கு எட்டு வயது. ஓடிப்போய் அவர் கையில் கொடுத்தேன்.

"கையில குடுக்காதடி! கீழ வை, அவரே எடுத்துக்குவாரு. உறவு அறுந்துரும்!" என்று அம்மா கத்தினாள்.

"ஒன்னும் ஆகாதுலா" என்று அப்பா சிரித்தார்.

இரண்டு தீபாவளிக்கு வந்தார். பிறகு அங்கேயே அவருக்கு வேறொரு குடும்பம். அம்மா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் சாகும்வரை, வீட்டில் யார் கத்தி கேட்டாலும் என்னை முந்திக்கொண்டு அவளே எடுத்துத் தரையில் வைப்பாள்.

நான் இரண்டு கத்திகளையும் மேசையில் வைத்தேன். கடைக்காரர் ஆடாததை எடுத்து, மடக்கி, என்னிடம் நீட்டினார்.

"மேசையிலயே வைங்கண்ணே."

"இதெல்லாம் இன்னுமா நம்புற?"

"நம்பலண்ணே" என்றேன். என் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.