ஈரத்துணியின் கனம்

அந்த ஆசாரி வையம்பட்டிக்காரர். ஒல்லியான உடம்பு, நரைத்த புருவம். எந்தப் பலகையையும் அளப்பதற்கு முன்னால் உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்ப்பார். கே.கே. நகரில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், மழைத்தண்ணீர் ஏறாதபடி உயர்த்திப் போட்ட மரத்தளம் ஒன்று இருக்கிறது. அதை இன்னும் நீட்டிக் கட்டத்தான் என் மகன் அவரை வரவழைத்திருந்தான்.

பழைய தளத்தைத் தடவிக்கொண்டே வந்த கை பின்வாசல் ஓரத்தில் நின்றது. அங்கே பலகை குழிந்திருந்தது. தினமும் நான் உட்காரும் இடம் அது.

"இங்க யாருங்க உக்காருவாங்க? கனம் தெரிஞ்சாத்தான் அடியில எத்தனை கால் குடுக்கணும்னு சொல்ல முடியும்."

மருமகள் என்னைப் பார்த்தாள். வெளியாள் முன்னால் என் உடம்பைப் பற்றிப் பேச்சு வர நான் விடுவேனா?

"யாரும் உக்கார்றதில்ல. துணி காயப்போடுவோம், அவ்வளவுதான்," என்றேன்.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை.

"ஈரத்துணி நல்ல கனம்தாங்கம்மா," என்றார்.

வேலை முடிந்த அன்று மகனிடம் சொன்னார்: "புதுசு பழசைப் பிடிச்சுத் தொங்கலைங்க, தன் கால்லயே நிக்குது. அம்மா துணி போடற இடத்துல மட்டும் கூட ரெண்டு கால் குடுத்திருக்கேன்."

என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. ஒரு வாய் காபி குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்காமல் நான் உள்ளே போய்விட்டேன்.

இப்போதும் அங்கேதான் உட்காருகிறேன். தளம் அசைவதில்லை, சத்தமும் இல்லை. உட்காரும்போதெல்லாம் கூசுகிறது. அது கொஞ்சம் முனகியிருந்தாலாவது அவர்மேல் ஒரு குறை சொல்லியிருப்பேன்.