டிரா கேட்ட எதிராளி

போன குளிர்காலம், டெல்லியில் ஒரு பள்ளி அரங்கில் நடந்த செஸ் போட்டியின் கடைசிச் சுற்று. கல்யாணம், ஆபீஸ், மகள் என்று விட்டுப்போன ஆட்டத்தை நாற்பது வயதுக்கு மேல் மறுபடி தொடங்கியிருந்தேன். ஆடிய போட்டிகளில் எல்லாம் செம அடி. இந்த ஆட்டமும் போனால் பலகையைப் பரணில் ஏற்றிவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன்.

எதிராளி ஒரு கல்லூரி மாணவர். ரேட்டிங்கில் என்னைவிட ஐந்நூறு புள்ளி மேலே. "அம்மா, அந்த பையா ரொம்ப ஸ்ட்ராங். ஜல்தி தோத்துட்டு வா, சரோஜினி நகர் மார்க்கெட் போலாம்" என்று என் மகள் வாழ்த்தி அனுப்பினாள்!

மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்தேன். என்னிடம் மிச்சம் ஒரு யானையும் ஓரத்தில் ஒரு சிப்பாயும். அவரிடம் ஒரு குதிரையும், வரிசை கட்டி நிற்கும் சிப்பாய்களும். அந்தப் பட்டாளத்தைப் பார்த்ததும் தோல்விதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அவர் குதிரையை நகர்த்திவிட்டு, "ஆன்ட்டிஜி, டிரா?" என்றார்.

அப்பாடா என்றிருந்தது. இவ்வளவு பெரிய ஆட்டக்காரரோடு டிரா என்றால் வீட்டில் பாயசமே வைக்கலாம். கை குலுக்கப் போனவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஜெயிக்கிறவர் எதற்கு டிரா கேட்கிறார்?

விதிப்படி நான் ஒரு காயைத் தொடும்வரை டிரா என் கையில்தான் இருக்கும், தொட்டால் போச்சு. கையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் பக்கத்திலிருந்து பலகையைப் பார்த்தேன். என் ஓரத்துச் சிப்பாயைத் தடுக்க அவருக்கு அந்தக் குதிரையை விட்டால் வேறு ஆளில்லை. யானையைக் கொடுத்துக் குதிரையை வெட்டினால், என் சிப்பாய் கடைசிக் கட்டம்வரை ஓடி ராணியாகிவிடும். பயத்தில் இரண்டு தரம் சரிபார்த்தேன். பிறகு யானையைத் தொட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினார். "எனக்கு முன்னாடியே தெரிஞ்சிடுச்சு. நீங்க பார்க்கலைன்னு நினைச்சேன்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். வெளியே வந்து மகளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டேன். "தோத்துட்டியாம்மா?" என்றாள் பாவம்.

பலகை இப்போதும் ஹாலில்தான் இருக்கிறது. என்னைவிடப் பெரிய ஆள் யாராவது "இத்தோடு போதுமே" என்று இனிமையாகச் சொன்னால், எனக்கே தெரியாமல் நான் ஜெயித்துக்கொண்டிருக்கிறேனோ என்று ஒருமுறை நிதானமாகப் பார்த்துக்கொள்கிறேன்.