இலவசம் என்றால் எனக்குத் தெரியாதா

பலாபத்வலயில், பெரிய ரோட்டோரம் இருக்கும் ஒரு ஸ்பைஸ் கார்டனில் நான் வழிகாட்டி. தம்புள்ளைக்கும் கண்டிக்கும் நடுவே வேன்களில் போகும் வெளிநாட்டுக்காரர்களை உள்ளே அழைத்து மிளகுக் கொடியும் கறுவாப் பட்டையும் காட்டுவது என் வேலை. தோட்டம் பார்ப்பது இலவசம். இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்ட தேத்தண்ணி இலவசம். கழுத்தில் எண்ணெய் தேய்த்து விடுவதும், ஆண்களின் காலில் களிம்பு பூசி உள்ளங்கையளவு முடியைக் காணாமல் போகச் செய்வதும் இலவசம். ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேற ஒரே பாதைதான் உண்டு. அது எங்கள் கடைக்குள் புகுந்து போகும்.

இப்படிப்பட்ட ஓர் ஆளைக் கடற்கரை விடுதிக்கு விருந்தாளியாக அனுப்பலாமா? என் மகள் அனுப்பினாள். கட்டாரில் வேலை செய்கிறவள், மாலைத்தீவில் ஒரு சின்னத் தீவையே விடுதியாக்கி வைத்திருக்கும் இடத்தில் எங்களுக்கு அறை எடுத்துவிட்டு, தானும் நேராக அங்கே வந்து சேர்ந்தாள்.

என் மனைவிக்கு அங்கே ஒரே ஆசைதான். டொல்பின் பார்க்க வேண்டும், அதுவும் என்னோடு சேர்ந்து. கல்யாணமான நாளிலிருந்து மற்றவர்களின் விடுமுறைக்கு முன்னால் நடந்து போனவன் நான், அதே தோட்டத்தில் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியவள் அவள். எங்களுக்கென்று ஒரு விடுமுறை வாய்த்ததே இல்லை. "ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு ஒரு தடவ பாத்துட்டா போதுங்க" என்று பெட்டி கட்டும்போது சொன்னாள். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

படகை விட்டு இறங்கியதுமே ஒரு பெண் சிரித்தபடி குளிர்ந்த ஈரத் துவாயையும் இளநீரையும் நீட்டினாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. காலையில் கண்ணாடி முன் நின்று நானும் அதைத்தான் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். வேண்டாம் என்று கையால் மறித்தேன்.

"அப்பா, இங்க சாப்பாடு, போட், மசாஜ் எல்லாத்தையும் சேத்துத்தான் ரூம் எடுத்திருக்கேன். பயப்படாம குடிங்க" என்றாள் மகள்.

"எல்லாம் சும்மான்னு நானுந்தான் தெனமும் சொல்றேன் புள்ள. எனக்கேவா?" என்றேன்.

அறையில் ஒரு தட்டு நிறையப் பழம் இருந்தது. தொடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பப்பாசித் துண்டுகள் பாதியாகியிருந்தன. மனைவி ஜன்னல் வழியாகக் கடலை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீச்சல் குளத்தருகே ஒருவர் வந்து தோளைப் பிடித்துவிடவா என்று கேட்டபோது நான் எழுந்தே ஓடிவிட்டேன். தோளுக்கு அடுத்தது எண்ணெய்ப் போத்தல் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இத்தனைக்கும் வாய் சும்மா இருந்ததா என்றால் இல்லை. காலைச் சாப்பாட்டில் பக்கத்து மேசையிலிருந்த வயதான தம்பதி பாணில் கறுவாத்தூள் தூவினார்கள். அது நம்ம ஊர்க் கறுவா இல்லை, முரட்டுப் பட்டை. பொறுக்க முடியாமல் எழுந்து போய் வித்தியாசத்தை விளக்கினேன். நன்றாகத்தான் பேசினேன். ஆனால் முடித்ததும் பழக்கதோஷத்தில் கையை நீட்டி, இந்தப் பக்கம் வாருங்கள் என்றுவிட்டேன். அவர்களும் மரியாதையாக எழுந்து என் பின்னால் வந்தார்கள். எங்கே கூட்டிப் போவதென்று தெரியாமல் தயிர் வைத்திருந்த மேசை வரை கூட்டிப் போய் விட்டேன்.

டொல்பின் பார்க்கும் படகு மாலையில் கிளம்பும். முதல் மாலை எனக்குத் தலைவலி. அடுத்த மாலை கடல் சரியில்லை என்றேன். கடல் கண்ணாடிபோல் கிடந்தது. "நீங்க வராம நான் போகமாட்டேன்" என்று மனைவியும் போகவில்லை.

"ஒனக்குப் புரியாது. சும்மா கூட்டிப் போறவன் திரும்பி வரும்போது கடையிலதான் எறக்குவான்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இத்தன வருஷமா நான் ஊத்திக் குடுத்த தேத்தண்ணியும் பொறிதானா?"

அவள் அந்தத் தேத்தண்ணியை எப்படிப் பார்த்துப் பார்த்துப் போடுவாள் என்று எனக்குத் தெரியும். ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின மாலை, மறுபேச்சுப் பேசாமல் கிளம்பினேன். மகளுக்குப் படகு ஒத்துக்கொள்ளாது, கரையில் நின்று கையசைத்தாள்.

படகில் வழிகாட்டி என் வயதுக்காரர். ஒவ்வொருவரிடமும் எந்த நாடு என்று கேட்டு, நாட்டுக்கொரு பகிடி சொல்லிச் சிரிக்க வைத்தார். எங்களைப் பார்த்ததும் கிரிக்கெட் என்றார். நான் சொல்லும் பகிடிகள்தான், ஆனால் என்னைவிட நன்றாகச் சொன்னார். அவருடைய இருக்கைக்கு அடியில் ஒரு நீலப் பை புடைத்துக்கொண்டிருந்தது. விற்கிற சரக்கு அதில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஒரு தடவை அதைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். தோட்டத்தில் நானும் எண்ணெய்ப் போத்தலை உடனே எடுக்கமாட்டேன்.

திடீரென்று எல்லாரும் கத்தினார்கள். "இங்க பாருங்க, இங்க பாருங்க!" என்று மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதே நேரம் அந்த மனிதர் பையைத் திறந்தார். நான் பையைப் பார்த்தேன்.

உள்ளேயிருந்து வந்தது இஞ்சி டொபி. வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார். நான் திரும்பியபோது கடல் மட்டும் இருந்தது. வெகுநேரம் காத்திருந்தும் டொல்பின்கள் மறுபடி வரவில்லை. படகு எந்தக் கடைப் பக்கமும் போகாமல், புறப்பட்ட இடத்தை நோக்கியே திரும்பியது.

"பாத்தீங்கதானே?" என்றாள் மனைவி வழியில். முகமெல்லாம் கடல் தண்ணீர், அதற்குமேல் சந்தோஷம். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தொழிலில் எத்தனையோ ஆமாம் சொன்னவன். அவளிடம் வாய் வரவில்லை.

"இல்ல. அந்தப் பையப் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் திட்டவில்லை. பையைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். எனக்கு அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. கரை நெருங்கும்போதுதான் உள்ளங்கையை வளைத்து என் முகத்துக்கு நேராக உயர்த்தினாள். "இப்படித்தாங்க எழும்பிச்சு. தாய் முன்னுக்கு, குட்டி பின்னுக்கு." நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் வந்த பிறகு பக்கத்துக் கடைக்காரர் விசாரிக்க வந்தார். மனைவி ஏலக்காயில் நல்லதைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டொல்பின் பாத்தீங்களா அக்கா?"

"பாத்தோம். ரெண்டு பேருந்தான் பாத்தோம்."

"எப்படிண்ணே இருந்திச்சு?" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

நான் உள்ளங்கையை வளைத்து உயர்த்தினேன். "தாய் முன்னுக்கு, குட்டி பின்னுக்கு. போட்டுக்கு வலது பக்கமா…"

"இடது பக்கம்ங்க" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே. "ஒங்க மூஞ்சியில வெயில் அடிச்சிச்சு. அதான் நெனவில்ல."